ஒரு மீட்டர், ஒரு கோடி கிலோமீட்டர்

பானையின் வயிற்றைச் சுற்றி நூலைப் பிடித்து, அந்த நூலை ஸ்கேலின் மேல் நீட்டினோம். 44 சென்டிமீட்டர். எட்டாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் அதை 22/7 ஆல் வகுத்துவிட்டு நிமிர்ந்தாள். "பதினான்கு அத்தை. மிச்சமே இல்லை" என்றாள். எங்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்: பதினான்கு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சூரியன்.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். போளூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். அந்த வாரம் முழுவதும் எல்லோர் கைபேசியிலும் ஒரே செய்திதான்: ஆறு கோள்கள் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவாம். கூடவே ஒரு படம். சூரியனை அடுத்து, கடையில் அடுக்கிய லட்டு வரிசை போலக் கோள்கள் தோளோடு தோள் உரசி நின்றன. நான்காம் வகுப்பு படிக்கும் சின்னவன் அதை என்னிடம் நீட்டி, "இப்படி நின்றால் ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்ளாதா அத்தை?" என்று கேட்டான். உண்மையான கவலையோடுதான் கேட்டான்.

அந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் வயதில் எனக்குக் கிடைத்ததும் அதே படம்தான். பாடநூலில் ஒரு பக்கத்து அகலத்துக்குள் சூரியனும் ஒன்பது கோள்களும். பெயர்களை வரிசை மாறாமல் ஒப்பித்து மதிப்பெண் வாங்கினேன். ஆனால் பூமிக்கும் வியாழனுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று யாராவது கேட்டிருந்தால், அந்தப் பக்கத்தில் விரலால் அளந்துதான் சொல்லியிருப்பேன். பாடநூலைக் குறை சொல்லிப் பயனில்லை. அது வேறு வழியில்லாமல் செய்வது. இருபது சென்டிமீட்டர் அகலத் தாளின் ஒரு ஓரத்தில் சூரியனும் மறு ஓரத்தில் நெப்டியூனும் சரியான தொலைவில் நிற்க வேண்டுமென்றால், சூரியனே ஒரு தலைமுடியின் தடிமனுக்குச் சுருங்கிவிடும். பூமியைக் கண்ணால் பார்க்கவே முடியாது. எனவே அளவையோ தொலைவையோ ஒன்றைப் பொய்யாகத்தான் வரைய வேண்டும். பெரும்பாலும் இரண்டையுமே பொய்யாக வரைந்துவிடுகிறார்கள். சூரியக் குடும்பத்தைத் தாளில் கற்றுக்கொடுக்கவே கூடாது, காலால் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நான் பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்ததற்கு அன்று ஒரு வாய்ப்பு வந்தது.

அளவுகோல் நமக்கென்றே அமைந்ததுபோல் எளிதானது. ஒரு மீட்டர் என்றால் ஒரு கோடி கிலோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் என்றால் ஒரு லட்சம். ஒரு மில்லிமீட்டர் என்றால் பத்தாயிரம். சூரியனின் குறுக்களவு ஏறத்தாழ 13 லட்சத்து 92 ஆயிரம் கிலோமீட்டர். அதனால் பதினான்கு சென்டிமீட்டர் பானை. மற்றதெல்லாம் அண்ணியின் அஞ்சறைப் பெட்டியிலிருந்தே கிடைத்தது. பூமியின் குறுக்களவு 12,742 கிலோமீட்டர், அதாவது ஒன்றேகால் மில்லிமீட்டர்: ஒரு கடுகு. வெள்ளிக்கு இன்னொரு கடுகு, கொஞ்சம் சிறியதாகப் பார்த்து. செவ்வாய்க்கு ஒரு கசகசா. புதனுக்கு ஒரே ஒரு ரவை. யுரேனஸ், நெப்டியூன் இரண்டுக்கும் ஆளுக்கொரு மிளகு. சனிக்குச் சுண்டைக்காய். வியாழனுக்குத் தன் கோலிக்குண்டுகளில் ஒன்றைச் சின்னவன் பெரிய மனத்தோடு கொடுத்தான். மூத்தவள் பழைய கல்யாணப் பத்திரிகையில் இருபத்தேழு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டிச் சுண்டைக்காய்க்கு மாட்டினாள். கொத்தனாரிடம் முப்பது மீட்டர் டேப்பை இரவல் வாங்கிக்கொண்டு, காணும் பொங்கலன்று மதியத்துக்கு மேல் ஏரிக்கரைக்குப் போனோம்.

அந்த வருடம் ஏரி நிறைந்திருந்தது. மதகுச் சுவரின் மேல் பானையை வைத்தோம்.

நடக்கத் தொடங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் சொன்னேன். சூரியக் குடும்பத்தின் மொத்த எடையை ஆயிரம் பங்காகப் பிரித்தால், 998 பங்குக்கு மேல் இந்தப் பானைதான். நம் கையில் பொட்டலமாக இருப்பதெல்லாம், வியாழன் சனி உட்பட, மீதி ஒன்றரைப் பங்குக்குள் அடக்கம். சூரியனும் கோள்களும் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே வாயு, தூசு மேகத்திலிருந்து உருவானவை. அந்த மேகத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சூரியன் எடுத்துக்கொண்டது. சிந்திச் சிதறிய மிச்சம்தான் மற்றவை.

ஆறாவது மீட்டருக்குச் சற்று முன்னால் புதன். அந்த ரவையைக் காகிதத்தின் மேல் வைத்துக் கல்லால் அணைத்தோம். காற்று என்று சொல்ல ஏதும் இல்லாத இடம் என்பதால் பகலில் 430 டிகிரி செல்சியஸ், இரவில் சுழியத்துக்குக் கீழே 180. இத்தனை வெப்பத்துக்குப் பக்கத்திலும் அதன் துருவப் பள்ளங்களில் வெயிலே படாத மூலைகளில் பனிக்கட்டி இருக்கிறது.

பதினோராவது மீட்டரில் வெள்ளி. இங்கே பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தேன். நாங்கள் இழுத்துக்கொண்டு வந்த டேப்பில் அளவுக்கோடு போட்டுக் கொடுத்ததே வெள்ளிதான்.

கோள்கள் சூரியனைச் சுற்ற எடுத்துக்கொள்ளும் காலத்தை வைத்து, எது எத்தனை பங்கு தொலைவில் இருக்கிறது என்று கெப்ளர் காலத்திலேயே கணக்கிட்டுவிட்டார்கள். பூமியின் தொலைவு ஒன்று என்றால் வெள்ளி 0.72, வியாழன் 5.2. ஆனால் அந்த 'ஒன்று' எத்தனை கிலோமீட்டர் என்பது மட்டும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அளவுகோல் குறிக்கப்படாத வரைபடம் போல. 1716ல் எட்மண்ட் ஹாலி ஒரு வழி சொன்னார். எப்போதோ ஒருமுறை வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து போகும். பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்தப் புள்ளி சற்றே வேறு வேறு தடத்தில் போவதாகத் தெரியும். அந்தச் சிறு வேறுபாட்டை அளந்தால் தொலைவு கிடைத்துவிடும். இந்தக் கடப்பு எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை வரும். பிறகு நூறு வருடங்களுக்கு மேல் வராது. அடுத்த ஜோடி 1761, 1769.

அதைப் பார்ப்பதற்காகப் பாரிசிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி. 1760ல் கப்பல் ஏறினார். அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடும் தளத்தின் மேல் நின்றிருந்தார். பார்த்தார், ஆனால் ஆடும் கப்பலில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. ஊர் திரும்பாமல் அடுத்த கடப்புக்காக எட்டு வருடங்கள் இந்தப் பக்கமே காத்திருக்க முடிவு செய்தார். புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. 1768ல் அங்கே போய், இடிந்த கோட்டைப் பகுதியில் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். அங்கிருந்த தமிழ்க் கணிதர்கள் தாளும் எழுதுகோலும் இல்லாமல், சோழிகளை நகர்த்தி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே கிரகணம் கணிப்பதைப் பார்த்து வியந்து, அந்த முறையை அவர்களிடம் கற்றுக்கொண்டார். பின்னாளில் ஐரோப்பாவுக்கு அதை எழுதியும் காட்டினார்.

1769 ஜூன் 4 வந்தது. முந்தின இரவு வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. விடியும் வேளையில் மேகம் கூடியது. கடப்பு முடியும் வரை சூரியன் வெளியே வரவில்லை. முடிந்த பிறகு நன்றாக வெயில் அடித்தது. பதினோரு வருடங்கள் கழித்து அவர் ஊர் திரும்பியபோது, இறந்துவிட்டதாக முடிவுகட்டி உறவினர்கள் சொத்தைப் பங்கு பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

மூத்தவளின் முகம் வாடிவிட்டது. "அப்படியென்றால் வீணா அத்தை?" என்றாள். அவருக்குக் கிடைக்காததை அதே கடப்பின்போது உலகின் வேறு மூலைகளில் நின்றவர்கள் அளந்தார்கள். தாஹிட்டித் தீவில் கேப்டன் குக்கின் குழு அவர்களில் ஒன்று. அந்த அளவுகளையெல்லாம் சேர்த்து 1771ல் தாமஸ் ஹார்ன்ஸ்பி கணக்கிட்ட சூரியத் தொலைவு ஏறத்தாழ 15 கோடியே 10 லட்சம் கிலோமீட்டர். இன்று நாம் அறிந்த அளவு 14 கோடியே 96 லட்சம். நூற்றில் ஒரு பங்குதான் பிழை. ஆனாலும் எனக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் நடக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருபவர் அளந்து முடித்தவர்கள் இல்லை, லெ ஜாந்திதான்.

நான் கொடுத்து வைத்தவள். 2004 ஜூன் 8 அன்று வெள்ளிக் கடப்பைப் பார்த்தேன். ஒரு சிறு தொலைநோக்கியின் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்திருந்தார்கள். தாளில் உள்ளங்கை அகலத்துக்குச் சூரியன் விழுந்திருந்தது. அதன் மேல் கூர்மையான விளிம்போடு மூன்று மில்லிமீட்டர் கரும்புள்ளி. எறும்பை விட மெதுவாக நகர்ந்தது. தாள் காற்றில் ஆடாமல் இருக்க என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு கோளின் நிழலுருவம் என் இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே இருந்தது. 2012ல் இன்னொரு முறை வந்தது. அடுத்தது 2117 டிசம்பரில்.

வெள்ளியில் இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டவர்களும் உண்டு. மேற்பரப்பில் 465 டிகிரி வெப்பம். ஈயம் உருகி ஓடும். காற்றழுத்தம் நம்முடையதைப் போல் தொண்ணூறு மடங்கு. 1982ல் சோவியத் யூனியனின் வெனீரா 13 அங்கே இறங்கி 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்தது. விடிவெள்ளியை அவ்வளவு அழகாக ஒளிரவைக்கும் அந்த வெண்மேகம் கந்தக அமிலம்.

பதினைந்தாவது மீட்டரில் கடுகை வைத்துவிட்டு, பானையைத் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். "கையை நீட்டி, சுண்டுவிரல் நகத்தால் பானையை மறைத்துப் பாருங்கள்." மறைந்தது. வானத்தில் இருக்கும் சூரியனும் இதே அளவுதான் தெரியும். நிலாவை நகத்தால் மறைத்துப் பார்த்தால் அதுவும் இதே அளவு. பாடநூல் படத்தில் ஒருபோதும் கிடைக்காதது இது. பதினைந்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் அந்தப் பானை, நாம் தினமும் பார்க்கும் சூரியன் அளவுக்கே தெரிந்த அந்த நொடியில்தான் பிள்ளைகள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். விளையாட்டு மெய்யாகிவிட்டது.

கடுகிலிருந்து நாலு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி ஒரு உப்புத் தூளை வைத்தோம். நிலா. 1969க்கும் 1972க்கும் நடுவே பன்னிரண்டு பேர் அதன் மேல் நடந்திருக்கிறார்கள். மனிதக் கால் பட்ட வேற்று மண் அது ஒன்றுதான். என் கட்டைவிரலை வைத்தேன். அந்தப் பயணம் முழுதும் விரலுக்கு அடியில் மறைந்தது.

மண்ணில் கட்டெறும்பு ஒன்று ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. ஒளி ஒரு நொடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் போகிறது. எங்கள் கணக்கில் அது மூன்று சென்டிமீட்டர். எறும்பு ஊரும் வேகம்தான். பானையிலிருந்து புறப்பட்ட எறும்பு கடுகுக்கு வந்து சேர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தில் அதைவிட வேகமாக எதுவும் போக முடியாது என்று சொன்னபோது, சின்னவன் குனிந்து அந்த எறும்பைப் புதிய மரியாதையோடு பார்த்தான். அன்று முழுவதும் எங்களுக்கு எறும்புக் கணக்குதான்.

இருபத்து மூன்றாவது மீட்டரில் கசகசாவை வைத்தோம். செவ்வாயின் சிவப்பு வேறொன்றும் இல்லை, துரு. இரும்புத் துரு கலந்த மண். அதன் நாள் நம் நாளை விட முக்கால் மணி நேரத்துக்குள்தான் நீளம். 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று இதைச் சுற்றத் தொடங்கியது. கடுகுக்கும் கசகசாவுக்கும் நடுவே எட்டு மீட்டர்தானே, இதற்கு ஏன் பத்து மாதம் என்று மூத்தவள் கேட்டாள். இரண்டுமே ஓடிக்கொண்டிருக்கின்றன, விண்கலம் நேராகப் பாய்வதில்லை, அதுவும் சூரியனைச் சுற்றிக்கொண்டே மெல்ல வெளிப்பக்கம் விலகி, செவ்வாய் எங்கே வரப்போகிறதோ அங்கே போய்க் காத்திருக்க வேண்டும். குச்சியால் மண்ணில் ஒரு வளைவு வரைந்து காட்டினேன். ஓடும் பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடி ஏறுகிறவர்களைப் பார்த்த பிள்ளைகள்; உடனே புரிந்துகொண்டார்கள்.

அதன் பிறகு வைப்பதற்கு ஒன்றும் இல்லை. டேப்பை மடித்து விரித்து, மடித்து விரித்துப் போய்க்கொண்டே இருந்தோம். முப்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தெட்டு மீட்டர் வரை சிறுகோள்களின் வட்டாரம். படங்களில் பாறைகள் நெருக்கியடித்துப் பறக்கும். உண்மையில் அங்கிருக்கும் அத்தனை பாறைகளையும் உருட்டிச் சேர்த்தாலும் நிலாவின் எடையில் நூற்றில் மூன்று பங்கு தேறும். அந்த உப்புத் தூளை முப்பது துண்டாக்கி ஒரு துண்டை இந்தக் கரை முழுவதும் தூவினால் எப்படியோ அப்படி. அவற்றில் ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர். 1988ல் காவலூர் வான் ஆய்வகத்தில் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்தது.

எழுபத்தெட்டாவது மீட்டரில் ஒரு பனைமரத்தின் அடியில் கோலிக்குண்டு வந்து உட்கார்ந்தது. வியாழனுக்குள் ஆயிரத்து முந்நூறு பூமிகளைக் கொட்டலாம். இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடுகிறது. அதன் மேல் சுழலும் செம்புள்ளி என்ற புயல் ஒன்றே நம் பூமியை விட அகலம்.

வியாழனோடு நமக்குப் பழைய உறவு. கும்பகோணத்தில் பன்னிரண்டு வருடங்களுக்கு ஒருமுறை மகாமகம் வருவதற்குக் காரணம், சூரியனை ஒருமுறை சுற்றிவர வியாழனுக்குப் பன்னிரண்டு வருடங்கள் ஆவது. துல்லியமாகச் சொன்னால் 11.86 வருடங்கள். வருடா வருடம் நாட்காட்டியில் குருப்பெயர்ச்சி என்று அச்சிடுகிறார்களே, அந்தக் கோளின் பாதையில் பன்னிரண்டில் ஒரு பங்கைத்தான் அது குறிக்கிறது. என் அம்மா 2016 மகாமகத்துக்குப் போய்வந்தார். அன்று குளத்தங்கரையில் கூடிய லட்சக்கணக்கானவர்கள் ஒரு கோளின் ஒரு சுற்று முடிந்ததற்காகக் கூடியிருந்தார்கள் என்று நான் சொன்னபோது அம்மாவுக்கு அது புதிய செய்தியாகவும் இல்லை. "வியாழன் சிம்மத்துக்கு வந்தால்தானே மகாமகம்" என்றார். நான் புத்தகத்தில் தேடிப் படித்ததை அவர் குளத்துக்குப் போய் முழுக்குப் போட்டே தெரிந்து வைத்திருந்தார்.

1610 ஜனவரியில் கலிலியோ வியாழனுக்கு அருகே நான்கு ஒளிப்புள்ளிகளைப் பார்த்தார். இரவுக்கு இரவு இடம் மாறின. எல்லாம் பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற பேச்சு அங்கேதான் ஆட்டம் கண்டது. அந்த நான்கு நிலாக்களில் ஒன்று அயோ. அது வியாழனின் நிழலுக்குள் மறையும், வெளிவரும் நேரம், பூமி விலகிப் போகும் மாதங்களில் தாமதமாகிறது, நெருங்கி வரும் மாதங்களில் முந்துகிறது என்று கவனித்த ஓலே ரோமர், ஒளிக்கும் வேகம் உண்டு என்று 1676ல் சொன்னார். "எறும்பு வந்து சேர நேரமாகிறது" என்றான் சின்னவன். நான் அதை இவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

சனிக்குப் போக இன்னும் அவ்வளவு தூரம். 143 மீட்டர். பழைய தமிழில் சனிக்கு மைம்மீன் என்று பெயர், கரிய மீன். கண்ணுக்கு மங்கலாக, மெல்ல நகரும் அந்த ஒளியைப் பார்த்து வைத்த பெயராக இருக்க வேண்டும். சூரியனைச் சுற்ற அதற்கு இருபத்தொன்பதரை வருடங்கள். முப்பது என்று வைத்துக்கொண்டு பன்னிரண்டு ராசிகளால் வகுத்தால் ஒவ்வொன்றிலும் இரண்டரை வருடம். அப்படி மூன்று ராசிகளைக் கடக்கும் காலம்தான் ஏழரை. ஏழரைச் சனியை நம்புகிறவர்கள், நம்பாதவர்கள் என்று எல்லோர் வாயிலும் புழங்கும் அந்தச் சொல்லுக்குள், தலைமுறை தலைமுறையாக இரவில் விழித்துப் பார்த்தவர்களின் கணக்கு இருக்கிறது. அந்த உழைப்புக்கு நான் கைகூப்புகிறேன்.

சனியின் வளையத்தைக் கலிலியோ காதுகள் போலப் பார்த்தார். அது கோளைத் தொடாமல் சுற்றும் வளையம் என்று 1659ல் ஹைகன்ஸ்தான் தெளிவாக எழுதினார். இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பெரிய வளையங்களின் தடிமன், பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்கள்தான். பனிக்கட்டித் துண்டுகள். எங்கள் பத்திரிகை அட்டை அந்தக் கணக்குக்கு மிக மிகத் தடிமன். 2004 முதல் பதின்மூன்று வருடங்கள் சனியைச் சுற்றிய காசினி விண்கலம், எரிபொருள் தீரும் தறுவாயில், 2017 செப்டம்பர் 15 அன்று சனிக்குள்ளேயே விழச் செய்யப்பட்டது. உயிர் இருக்க வாய்ப்புள்ள நிலாக்களின் மேல் தவறியும் மோதி அவற்றைக் கறைப்படுத்திவிடக் கூடாது என்பதற்காக.

இதுவரைதான் நம் முன்னோருக்குத் தெரிந்த வானம். கிழமைகளின் பெயர்கள் சனியோடு முடிகின்றன. கண்ணால் எளிதில் தெரிவது அதோடு முடிகிறது. நாங்கள் நடக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இன்னும் முடியவில்லை.

287 மீட்டர். முதல் மிளகு. 1781 மார்ச் 13 இரவு இங்கிலாந்தின் பாத் நகரில், தன் வீட்டுத் தோட்டத்தில் தானே செய்த தொலைநோக்கியோடு நின்ற வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைப் பார்த்தார். அது பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டு சூரியனைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 84 வருடங்கள். துருவத்தில் நின்றால் 42 வருடம் பகல், 42 வருடம் இரவு.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து மேற்கே ஜவ்வாது மலை நீலமாகத் தெரிந்தது. அங்கே கையை நீட்டினேன். அந்த மலைகளுக்குள்தான் காவலூர். 1977 மார்ச் 10 அன்று ஒரு விண்மீனுக்கு முன்னால் யுரேனஸ் கடந்து போகவிருந்தது. விண்மீனின் ஒளி மறைந்து திரும்புவதை வைத்து அந்தக் கோளின் காற்றை ஆராயலாம் என்று பல நாட்டவர்கள் காத்திருந்தார்கள். இந்தியப் பெருங்கடலின் மேல் ஒரு விமானத்துக்குள் தொலைநோக்கியோடு அமெரிக்கர்கள் பறந்துகொண்டிருந்தார்கள். காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியின் முன்னால் ஜே.சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் இருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீன் சட்டென்று மங்கியது. காவலூரில் இருந்தவர்கள் புதிய நிலாவாக இருக்குமோ என்று எண்ணினார்கள். விமானத்தில் இருந்தவர்களுக்குக் கோளின் இரண்டு பக்கமும் ஒரேபோல் பலமுறை மங்கியது கிடைத்தது. யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான். சனிக்கு மட்டுமே வளையம் என்று முந்நூறு வருடங்களுக்கு மேல் நம்பியிருந்ததை மாற்றிய அந்த இரவின் ஒரு சாட்சி, இந்தப் பிள்ளைகள் தினமும் பார்க்கும் மலைக்குள் நடந்திருக்கிறது. யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. நானே நாற்பது வயதை நெருங்கும்போதுதான் அறிந்தேன்; இதைப் பள்ளியில் சொல்லியிருந்தால் நான் வேறு ஒருத்தியாக வளர்ந்திருப்பேன் என்று இன்றும் தோன்றுகிறது.

நெப்டியூனுக்குப் போகும் வழியில் கரை வளைந்தது. முப்பது மீட்டர் டேப்பைப் பதினைந்தாவது முறையாக விரித்தபோது வெளிச்சம் குறையத் தொடங்கிவிட்டது. 450 மீட்டர். இரண்டாவது மிளகு. யுரேனஸ் கணக்குக்குச் சற்றே விலகி நடப்பதை வைத்து, அதை இழுக்கும் இன்னொரு கோள் எங்கே இருக்க வேண்டும் என்று லெ வெரியே பாரிசில் தாளில் கணக்குப் போட்டார். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் கல்லே தேடினார். லெ வெரியே சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் இருந்தது. கண்டுபிடித்த பிறகு அது சூரியனை முழுதாக ஒருமுறை சுற்றி முடித்ததே 2011ல்தான். அருகே போய்ப் பார்த்த விண்கலம் வாயேஜர் 2 ஒன்றுதான், 1989ல். என் பாடநூலில் இதற்கு அப்பாலும் புளூட்டோ என்று ஒன்று இருந்தது. 2006ல் அதைக் குறுங்கோள் என்று பிரித்து வைத்துவிட்டார்கள். நாங்கள் அதைத் தேடிப் போகவில்லை.

"பானை தெரியவில்லை அத்தை" என்றான் சின்னவன். வளைவைத் தாண்டி வந்திருந்தோம், இருட்டியும் வந்தது. "அங்கே இருக்கும் பானையா இந்த மிளகைப் பிடித்து வைத்திருக்கிறது? கயிறு எதுவும் இல்லாமலா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல. ஈர்ப்பு விசை என்ற சொல்லை அவனுக்குத் தரலாம். அந்த வியப்பை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த 450 மீட்டருக்குள் ஒரு பானை, ஒரு கோலி, ஒரு சுண்டைக்காய், இரண்டு மிளகு, நாலு பொடிகள். மற்றதெல்லாம் வெறும் வெளி. வாயேஜர் 1 எங்கே என்று மூத்தவள் கேட்டாள். 1977ல் புறப்பட்டது, இன்று இங்கிருந்து நெடுஞ்சாலை பஸ் நிறுத்தம் அளவுக்குப் போயிருக்கும், பானையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது, நாம் சொல்வது அதற்குப் போய்ச் சேர எறும்பு ஏறக்குறைய ஒரு நாள் நடக்க வேண்டும். அடுத்த பானை எங்கே என்றும் கேட்டாள். மிக அருகே இருக்கும் விண்மீன் 4,000 கிலோமீட்டரில். கன்னியாகுமரியில் தொடங்கி நேர்கோட்டில் காஷ்மீரைத் தொட்டாலும் இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்.

திரும்பி நடக்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. மேற்கே மலைக்கு மேல் வெள்ளி, ஏரித் தண்ணீரில் கோடு விழும் அளவுக்குப் பிரகாசமாக. அதற்குச் சற்று மேலே இடப்பக்கம் மங்கலாகச் சனி. கிழக்கில் உச்சியை நோக்கி வியாழன். அதற்குக் கீழே, சூரியனுக்கு நேர் எதிரே அன்றுதான் வந்திருந்த செவ்வாய், கங்கு போலச் சிவந்து. கைபேசிச் செய்தி சொன்ன வரிசை அதுதான். எல்லாக் கோள்களும் ஏறத்தாழ ஒரே தட்டில் சுற்றுவதால், நமக்கு எப்போதும் வானத்தில் ஒரே வில்லின் மேல்தான் தெரியும்.

சின்னவன் நின்றுவிட்டான். வெள்ளியும் சனியும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. அவன் அவற்றையே பார்த்தான்.

"வெள்ளி இன்றைக்கு நம்மிடமிருந்து எத்தனை மீட்டர் அத்தை?"

"பத்து."

"சனி?"

"நூற்றைம்பத்தைந்து."

கரையில் எங்களுக்குப் பின்னால் கிடந்த இருட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மீண்டும் வானத்தை.

"மோதாது" என்றான்.